உடன்குடியில் துருவ ஒளி தேடிய இரவு

(உடன்குடி வட்டாரக் குறுவளமையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘நான் செய்த ஒரு சோதனை’ என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நான் சொல்லப்போவது பள்ளிக்கு வெளியே, கோடை விடுமுறையில் நடந்த, பார்க்கப் போனதைப் பார்க்காமல் திரும்பிய ஒரு சோதனையைப் பற்றி. நேரம் கூடினால் மணியை அடித்துவிடுங்கள். நமக்குத்தான் மணி பழக்கமாயிற்றே.

2024 மே 11, சனிக்கிழமை. காலையிலிருந்தே கைப்பேசியில் இளஞ்சிவப்பும் பச்சையுமாகப் படங்கள் வந்தபடி இருந்தன. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று உலகம் முழுவதும் துருவ ஒளி. நம் நாட்டிலும் லடாக்கின் ஹான்லே என்ற இடத்தில், முந்தைய நள்ளிரவுக்குப் பின் வடக்கு வானம் சிவந்ததை இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக் கேமரா பதிவு செய்திருந்தது. 2003-க்குப் பிறகு வந்த மிகப் பெரிய புவிக்காந்தப் புயல் அது. ஐந்து படிகள் உள்ள அளவுகோலில் ஐந்தாவது படி.

மாலையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கூப்பிட்டான். “சார், லடாக்குல தெரிஞ்சிருக்காம். இந்தியாதானே சார், நாமளும் பாக்கலாமா?”

“லடாக் எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்? நாம ரொம்பத் தெற்கே இருக்கோம்ல, தெரியாது” என்றேன். வகுப்பில் இப்படி எத்தனை பதில்கள் சொல்லியிருப்போம்! அவன் விடவில்லை. “ஆஸ்திரேலியா நம்மளவிடத் தெற்கே இருக்கே சார். அங்க தெரிஞ்சிருக்கே?”

எனக்குப் பதில் வரவில்லை. துருவ ஒளி வடக்கே மட்டும் உரியதல்ல, தென் துருவத்தைச் சுற்றியும் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் ‘தெற்கே இருக்கோம்’ என்ற என் விளக்கம் தவறு என்பதை ஒரே கேள்வியில் காட்டிவிட்டான். “சரி, பார்த்துட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டேன்.

அடுத்த அழைப்பு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடமிருந்து, பக்கத்து வீட்டு எண்ணில் இருந்து. அவள் கேட்டது படத்தைப் பற்றி அல்ல. “சார், இன்னைக்கு ராத்திரி காஸ்மிக் கதிர் பூமிக்குக் கிட்ட வருதாம். போனை ஆஃப் பண்ணி தூர வைக்கணும்னு மெசேஜ் வந்துருக்கு. அம்மா போனை ஆஃப் பண்ணிட்டாவ. அப்பா வள்ளத்துல கடலுக்குப் போயிருக்காவ. அப்பாவுக்கு எதுவும் ஆயிருமா சார்?”

மே மாதம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆனால் நம் கரையில் வள்ளங்கள் போகும். அந்தக் கைப்பேசிச் செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய புரளி, நீங்களும் பார்த்திருப்பீர்கள். நள்ளிரவு 12.30 முதல் 3.30 வரை என்று நேரம் போட்டு, நாசா பெயரையும் சேர்த்து வரும். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்த்திவிடுவதுதான் என் வழக்கம். அன்றைக்குத்தான் உறைத்தது: கடலில் ஆள் இருக்கும் வீட்டில், ஒரு புரளியை நம்பிக் கைப்பேசியை அணைத்து வைத்திருக்கிறார்கள். கடலில் அவருக்கு ஏதாவது உதவி தேவைப்பட்டால் யாரைக் கூப்பிடுவார்?

“முதல்ல போனை ஆன் பண்ணச் சொல்லு. அம்மாகிட்ட குடு, நான் பேசுறேன்” என்றேன். பூமியின் காற்றுமண்டலமும் காந்தப்புலமும் நமக்கு மேலே குடையாக இருப்பதையும், தரையிலும் கடலிலும் இருப்பவர் உடம்புக்கு இதனால் ஒன்றும் ஆகாது என்பதையும் சொன்னேன். ஜி.பி.எஸ். காட்டும் இடத்தில் கொஞ்சம் பிழை வரலாம், அதை மட்டும் அப்பாவிடம் சொல்லி வையுங்கள் என்றும் சொன்னேன். இது கற்பனை அல்ல. அதே புயலில் அமெரிக்காவில் ஜி.பி.எஸ். உதவியோடு ஓடும் டிராக்டர்கள் தடுமாறி, விதைப்பை நிறுத்தி வைத்தார்கள். அந்த அம்மா முழுதாக நம்பினார்களா என்று தெரியவில்லை. “சார் சொன்னா சரி” என்றார்கள். எனக்கு அந்தப் பதில் சற்றுப் பயமாகவே இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் ஒருவனிடம் தவறாகச் சொல்லியிருந்தேன்.

இரவு எட்டரைக்கு மணப்பாட்டுக் கடற்கரைக்குப் போனோம். பதினோரு பிள்ளைகள், ஆறு பெற்றோர், நான். தெரியாது என்று சொன்னவன் ஏன் போனேன் என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஓர் ஆசை. ஒருவேளை தெரிந்துவிட்டால்?

மூன்று நாளைக்கு முன்தான் அமாவாசை. மெல்லிய பிறையும் சீக்கிரம் இறங்கிவிட, நல்ல இருட்டு. ஒன்பதரை மணிவாக்கில், குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில் இருக்கும் தென்பக்கத்து வானில் தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம் நிமிர்ந்து நின்றது. வடக்கே சப்தரிஷி மண்டலம் உயரத்தில். அதன் முனையிலுள்ள இரண்டு நட்சத்திரங்களைக் கோடாக நீட்டினால் துருவ நட்சத்திரம். பிள்ளைகள் கோட்டை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். அடிவானப் புகைமூட்டத்துக்குள் போய் அது முடிந்தது. நம் ஊரின் அட்சரேகை சுமார் 8.4 டிகிரி. துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் அவ்வளவு உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. ஒரு முஷ்டிகூட இல்லை! அட்சரேகை என்ற சொல்லை இருபது ஆண்டுகளாக நடத்துகிறேன், அதை முஷ்டியால் அளந்தது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் ஒருவன் கத்தினான்: “சார், அங்க பாருங்க, செவப்பு!”

வடக்கே கரையோரமாக, அடிவானத்துக்குச் சற்று மேலே, மெய்யாகவே சிவப்பு. என் நெஞ்சு ஒரு கணம் நின்று ஓடியது. கைப்பேசியை மணலில் ஊன்றி இரவுப் படம் எடுத்தோம். படத்தில் இன்னும் சிவப்பாக வந்தது. பிள்ளைகள் குதித்தார்கள். கூட வந்த பெற்றோர் ஒருவர் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், அது கல்லாமொழியில நம்ம பவர் பிளான்ட் சிம்னி லைட்டு. நான் அங்கதான வேலை பாக்கேன்.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. இருந்தாலும் அந்தக் கணத்தில் பிள்ளைகளுக்கு ஒன்று சொன்னேன்: எதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டோமோ அதை நம் கண் காட்டியது, படமும் ஒத்துக்கொண்டது, அங்கே வேலை பார்ப்பவர் ஒருவர் கூட இருந்ததால் தப்பித்தோம். பத்தரை மணிக்குத் திரும்பினோம்.

அன்றிரவும் அடுத்தடுத்த நாட்களிலும் அந்த மாணவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடினேன். கிடைத்ததை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் நம் பாடநூலில் துருவ ஒளிக்கு இருக்கும் இடம் மிகக் குறைவு.

சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் மின்னூட்டம் பெற்ற துகள் கூட்டம் பூமியை எட்ட ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். ஒளி எட்டு நிமிடத்தில் வந்துவிடுகிறது, துகள்கள் அப்படியல்ல. இந்தப் புயலின்போது ஒன்றன்பின் ஒன்றாகப் பல கூட்டங்கள் வந்து சேர்ந்தன. துகள்கள் நேராக வந்து வானத்தில் மோதி எரிகின்றன என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவை முதலில் பூமியின் காந்தப்புலத்தை அமுக்கி, உலுக்குகின்றன. அதற்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் முடுக்கப்பட்டு, காந்தவிசைக் கோடுகளைப் பற்றிக்கொண்டு கீழே இறங்குகின்றன. விசைக்கோடுகள் தரைக்குள் இறங்கும் இடம் துருவங்களின் பக்கம். அதனால் காற்று ஒளிர்வதும் அங்கேதான். புயல் பெரிதாக இருந்தால் அந்த ஒளி வளையம் துருவத்திலிருந்து விரிந்து நடுப்பகுதியை நோக்கி வரும்.

ஆகவே கணக்கு வடக்கு, தெற்கு அல்ல. காந்தத் துருவத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதே கணக்கு. புவிக்காந்தத் துருவம் கனடா பக்கம் சாய்ந்திருப்பதால், அமெரிக்காவில் புளோரிடா வரை ஒளி தெரிந்தது. அதே அட்சரேகையில் உள்ள நம் டெல்லியில் தெரியவில்லை.

சரி, உடன்குடி? இங்கேதான் வேடிக்கை. புவிக்காந்த நடுக்கோடு நம் தென்கோடிக்கு மிக அருகில் செல்கிறது. நமக்கு மேலே விசைக்கோடுகள் தரைக்குள் இறங்காமல், களத்தில் விரித்த பாய் மாதிரி கிடைமட்டமாகக் கிடக்கின்றன. துருவ ஒளி பார்ப்பதற்கு உலகத்திலேயே மோசமான இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நம் கடற்கரை முதல் வரிசையில் வரும்.

ஜூன் 10 அன்று பள்ளி திறந்ததும் இதை ஊசியால் செய்து பார்த்தோம். தையல் ஊசியின் நடுவில் நூலைக் கட்டி, சரியாகக் கிடைமட்டமாக நிற்கும் வரை முடிச்சை நகர்த்தி, ஒரு சொட்டு ஃபெவிகால் வைத்துக் காயவிட வேண்டும். பிறகு சட்டக் காந்தத்தால் ஒரே திசையில் பலமுறை தேய்க்க வேண்டும். தொங்கவிட்டால் வடக்கு தெற்காகத் திரும்பும், ஆனால் கிட்டத்தட்ட கிடைமட்டமாகவே நிற்கும். இதே ஊசியைச் சென்னையில் தொங்கவிட்டால் சுமார் 14 டிகிரி தலை குனியும். டெல்லியில் 40 டிகிரிக்கு மேல். மேல்நிலை இயற்பியலில் காந்தச் சரிவு என்று நடத்துகிறோமே, அதுதான். முதல் நான்கு குழுக்களின் ஊசி சாய்ந்துதான் நின்றது, முடிச்சு நழுவியிருந்தது. ஃபெவிகால் காயும்வரை பொறுக்க எந்தப் பிள்ளைக்கும் முடியாது, எனக்கும்தான்.

பூமியின் வளைவுக்கும் ஒரு கணக்குப் போட்டோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிதாகரஸ் தேற்றம் போதும். 400 கி.மீ. உயரத்தில் உள்ள ஒரு வெளிச்சம் சுமார் 2,250 கி.மீ. தூரம் வரை அடிவானத்தில் தெரியும், அதாவது ஏறக்குறைய 20 அட்சரேகை டிகிரி. ஹான்லே 33 டிகிரியில் இருக்கிறது. ஆகவே அவர்கள் 53 டிகிரி வரை எட்டிப் பார்க்க முடியும். லடாக்கில் தெரிந்த ஒளி லடாக்கின் தலைக்கு மேல் இருக்க வேண்டும் என்பதில்லை. வெகு வடக்கே எரிந்ததன் மேல்முனையாக இருக்கலாம். நிறம் சிவப்பாக இருந்ததற்கும் இதுவே காரணம். ஆக்சிஜன் அணு சுமார் 100 முதல் 150 கி.மீ. உயரத்தில் பச்சையாகவும், 200 கி.மீ.க்கு மேலே சிவப்பாகவும் ஒளிர்கிறது. சிவப்பை உமிழ அந்த அணுவுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிட அவகாசம் வேண்டும். கீழே காற்று நெருக்கமாக இருப்பதால் அதற்குள் வேறொரு மூலக்கூறு மோதி அந்த ஆற்றலைப் பறித்துவிடும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் பச்சை அடிவானத்துக்குக் கீழே மறைந்து, உயரத்துச் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. நமக்கு அப்படித் தெரிய வேண்டுமென்றால் டெல்லிக்கு மேலே வானம் எரிய வேண்டும்.

அப்படி இந்தியாவுக்குள் எப்போதாவது வந்ததுண்டா என்று ஒரு மாணவி கேட்டாள். 1872 பிப்ரவரி 4 இரவு பம்பாயில் துருவ ஒளி காணப்பட்டதாக அக்காலப் பத்திரிகைச் செய்தி இருக்கிறது. அதற்கு முன் 1859 செப்டம்பரில் வந்த புயல் இன்னும் பெயர் பெற்றது. தந்தி அலுவலகங்களில் கருவிகளில் தீப்பொறி பறந்தது, ஊழியர்களுக்கு மின் அதிர்ச்சி அடித்தது. கூட்டம் சூரியனிலிருந்து புறப்பட்டுப் பூமிக்கு வர 18 மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று பம்பாய் கொலாபா ஆய்வுக்கூடத்தில் காந்தப்புலத்தின் கிடைமட்ட வலிமை சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்ததை ஊழியர்கள் கையால் குறித்து வைத்தார்கள். இன்றும் உலக விஞ்ஞானிகள் அந்தப் புயலை எடைபோட அந்த ஏட்டைத்தான் புரட்டுகிறார்கள். மே 2024 புயலின் உலக சராசரிச் சரிவு 400 நானோடெஸ்லாவைச் சற்றுத் தாண்டியது. ஒரே இடத்து அளவையும் உலக சராசரியையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்றாலும், பெரிதினும் பெரிது உண்டு என்று புரியும். பதிவேடு எழுதுவதைப் பற்றி நாம் சலித்துக்கொள்ளும்போது கொலாபா ஊழியர்களை நான் இப்போது நினைத்துக்கொள்கிறேன். (சிரிப்பு)

அந்தக் கொலாபாவின் வழித்தோன்றலான இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வு மையம் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது, தெரியுமா? திருச்செந்தூர் - திருநெல்வேலி சாலையில் கிருஷ்ணாபுரத்தில். அந்த ஊரில் வேங்கடாசலபதி கோயில் சிற்பங்களைப் பார்க்கப் பிள்ளைகளை எத்தனை தடவை இறக்கியிருப்போம்! அந்த ஆய்வு மையத்தை நாம் யாரும் காட்டியதில்லை. எனக்கே மே மாதம் வரை தெரியாது. காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால்தான் அதை அங்கே வைத்தார்கள். பகல் நேரத்தில் நம் தலைக்கு மேல் சுமார் 105 கி.மீ. உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு பெரிய மின்னோட்டம் ஓடுகிறது; நடுக்கோட்டை ஒட்டிய குறுகிய பட்டையில் மட்டும்தான் அது அவ்வளவு வலுவாக ஓடும். துருவ ஒளி இல்லாத ஊருக்கு இயற்கை கொடுத்த ஈடு. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் தும்பாவிலிருந்து போனதற்கும் இந்த நடுக்கோடுதான் காரணம். அந்த ராக்கெட் அந்தி வானில் சோடியம் ஆவியைக் கக்கி, கேரளத்திலும் தென்தமிழ்நாட்டிலும் ஆரஞ்சு நிற மேகமாகத் தெரிந்தது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொன்னேன். ஓர் ஆச்சிக்கு மட்டும் நினைவு இருந்தது. எதற்கோ கெட்ட சகுனம் என்று சாமி கும்பிட்டார்களாம். இப்போது நம் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் வருவது வேறு காரணத்துக்கு: இங்கிருந்து இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கே விடலாம்.

கிருஷ்ணாபுரத்தில் இரவு வானத்தைப் படம் பிடிக்கும் கேமராவும் உண்டு. அது எந்த நிறத்தைப் பிடிக்கிறது என்று படித்தபோது எனக்குப் புல்லரித்தது. 630 நானோமீட்டர். ஹான்லே வானத்தைச் சிவக்க வைத்த அதே ஆக்சிஜனின் அதே சிவப்பு. புயல் இல்லாத சாதாரண இரவிலும் நம் வானம் அந்த நிறத்தில் மெல்ல ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்கு எட்டாத அளவு மங்கல், அவ்வளவே. அந்தப் பிள்ளைகள் மணப்பாட்டில் நின்ற இரவிலும் தலைக்கு மேல் அது இருந்தது.

மறுநாள் காலைக்கு வருகிறேன், அதைச் சொல்லாமல் விட்டால் இது குறை. மே 12, ஞாயிறு. ஒளியைத்தான் பார்க்கவில்லை, அது கிளம்பிய இடத்தையாவது பார்ப்போம் என்று, பள்ளியில் இருந்த பைனாகுலரின் ஒரு கண்ணை மூடி, மறு கண் வழியே வெயிலை வெள்ளைச் சார்ட் தாளில் விழ வைத்தோம். யாரும் அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது, ஒரு நொடிகூட; பார்வை போய்விடும். அந்தக் கருவியை என் கையை விட்டு நான் கொடுக்கவே இல்லை. தாளில் ஒரு வெள்ளை வட்டம், அதன் விளிம்பை ஒட்டி ஒரு கறுப்புக் கீறல். புயலைக் கிளப்பிய சூரியப் புள்ளிக் கூட்டம் அதுதான். பூமியைப் போல் சுமார் 15 உருண்டைகளை வரிசையாக வைக்கும் நீளம். கொடைக்கானலில் இப்படிப் புள்ளிகளை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பதிவு செய்துவருகிறார்கள். நாங்கள் தாளில் பென்சிலால் சுற்றி வரைந்து, தேதியும் நேரமும் போட்டோம்.

வள்ளம் திரும்பிய அந்த மாணவியின் அப்பாவும் நேரே அங்கே வந்தார், கையில் மீன் வாடையோடு. ஜி.பி.எஸ். எப்படி இருந்தது என்று கேட்டேன். “கரையைப் பாத்து ஓட்டுறவனுக்கு அது எதுக்கு சார்” என்றார். தாளைக் குனிந்து பார்த்தார். மகள் காட்டிய இடத்தை மறுபடியும் பார்த்தார். “இந்தத் துக்காணிப் புள்ளிக்கா ராத்திரி போனை அணைச்சு வச்சீய?” என்று வீட்டம்மாவைக் கேட்டார்.

அதே ஆண்டு அக்டோபர் 10 இரவு மறுபடியும் பெரிய புயல். ஹான்லேயில் மறுபடியும் சிவப்பு. இங்கே குலசையில் தசரா உச்சத்தில் இருந்தது. சிவப்பு உடுத்திய பக்தர்களால் ஊரே சிவந்து கிடந்தது. மறுநாள் ஆயுத பூஜை விடுமுறை. காலையில் அந்த மாணவியிடமிருந்து கைப்பேசிச் செய்தி, இந்த முறை அவள் வீட்டு எண்ணிலிருந்தே: “சார், லடாக்ல தெரிஞ்சிருக்கு. நமக்குத் தெரியாது, தெரியும். பைனாகுலர் எடுத்துட்டு வாரீங்களா? அப்பா இன்னைக்குக் கடலுக்குப் போகல.”